ஸ்கைலாப் ஏன் விழுந்தது, சல்யூத் ஏன் விழவில்லை: விண்வெளிச் சரக்குக் கலங்களும் பெங்களூரும்

சற்று நீளமான பதிவு. அறிவியல் வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்; பொறியியல் நண்பர்கள் பொறுத்தருள்க.

என் பாட்டிக்கு விண்வெளி என்றால் ஒரே ஒரு சொல்தான்: ‘ஸ்கைலாப்பு’. 1979 ஜூலையில் அது ஊர்மேல் விழப்போகிறது என்ற பேச்சுப் பரவியபோது, வளர்த்த கோழிகளை அடித்துக் குழம்பு வைத்துத் தின்று தீர்த்த குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ, கோழியை யாருக்கு மிச்சம் வைப்பது என்ற கணக்கு. கதையின் முடிவில் தவறாமல் ஒரு கேள்வியும் கேட்பார்: “மேலே வச்சவனுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாதா?” பள்ளியில் படித்த காலத்தில் அது அறியாமையின் கேள்வி என்று எண்ணினேன். பெங்களூரில் விண்வெளித் தொழில்நுட்ப வரலாற்றை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட பிறகுதான், அப்பொருளின் மையக் கேள்வியே அதுதான் என்று விளங்கியது.

ஸ்கைலாப் 1973 மே 14 அன்று ஏவப்பட்டது. அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். எடை ஏறத்தாழ 77 டன். மூன்று குழுக்கள் அங்கே தங்கின: முறையே 28, 59, 84 நாட்கள். மூன்று குழுக்களுக்கும் வேண்டிய உணவு, நீர், ஆக்சிஜன் ஆகியவற்றில் பெரும்பகுதியை ஏவும்போதே உள்ளே அடுக்கிவிட்டார்கள். தொலைதூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவதுபோல. 1974 பிப்ரவரி 8 அன்று மூன்றாம் குழு வெளியேறியதோடு வாழ்க்கை முடிந்தது. நிலையம் பழுதாகிக் கைவிடப்பட்டதன்று. சோறும் எண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி இல்லை, அவ்வளவே.

அந்த உயரத்திலும் காற்று முற்றிலும் இல்லாமல் போய்விடுவதில்லை. மிக மெல்லிய அக்காற்று நிலையத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக உராய்ந்து தாழ்த்துகிறது. அவ்வப்போது யாரேனும் தள்ளி உயர்த்தியாக வேண்டும். விண்வெளி ஓடம் தயாரானதும் அதன் துணையால் ஸ்கைலாபை உயர்த்தலாம் என்று நாசா திட்டமிட்டிருந்தது. ஓடம் தாமதமாயிற்று; 1981 ஏப்ரலில்தான் முதன்முறையாகப் பறந்தது. அதற்குள் கதிரவனின் செயற்பாடு எதிர்பார்த்ததைவிட மிகுந்து, மேல் வளிமண்டலம் உப்பி, உராய்வைக் கூட்டிவிட்டது. 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் சிதறி வீழ்ந்தது. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. எஸ்பரன்ஸ் என்ற சிற்றூரின் உள்ளாட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்ததைப் பலரும் அறிவர்.

பலரும் அறியாதது இனி வருவது. ஸ்கைலாப் விழுந்த அதே நாளில் வானில் இன்னொரு வீடு இருந்தது: சோவியத் ஒன்றியத்தின் சல்யூத்-6. அதில் லியாகோவ், ரியூமின் என்ற இருவர் பிப்ரவரி மாதத்திலிருந்தே குடியிருந்தார்கள். அன்று அந்நிலையத்தின் பின்வாசலில் புரோகிரஸ்-7 என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் பொருந்தி நின்றது. ஜூன் 28 அன்று ஏவப்பட்ட அது எரிபொருளோடும் உணவோடும் ஒரு வானொலித் தொலைநோக்கியையும் கொண்டுவந்திருந்தது. ஜூலை 18 அன்றுதான் பிரிந்தது. லியாகோவும் ரியூமினும் 175 நாட்கள் தங்கி ஆகஸ்டில் தரையிறங்கினர். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட சல்யூத்-6, 1982 ஜூலையில் திட்டமிட்டபடி கடலில் இறக்கப்படும்வரை உயிரோடிருந்தது.

ஆக, நம் ஊர்க் கோழிகள் உயிர்விட்ட அந்த வாரத்தில், ஒரே வானத்தில் இரண்டு நிலையங்கள். ஒன்று 77 டன்; மற்றது ஏறத்தாழ 19 டன். பெரியது விழுந்தது, சிறியது நின்றது. பொறியியல் திறனில் ஸ்கைலாப் தாழ்ந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். வேறுபாடு வண்டியில் இருந்தது. ஸ்கைலாபை ஒரு வீடாகக் கட்டினார்கள். சல்யூத்-6ஐக் குடித்தனமாக நடத்தினார்கள்.

குடித்தனம் நடத்த என்ன வேண்டியிருந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சல்யூத் வரிசையின் முந்தைய நிலையங்களில் கலம் வந்து பொருந்த ஒரே ஒரு வாசல் இருந்தது. அதில் வீரர்கள் வந்த சோயூஸ் கலம் நிற்கும். அதுவே அவர்கள் திரும்பிச் செல்லும் கலம். வேறு வண்டி வர வழியில்லை. சல்யூத்-6க்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு வாசல்கள் வைத்தார்கள். விண்வெளி நிலைய வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் மாற்றம் இந்த இரண்டாம் வாசல்தான். ஏவூர்திகளின் உயரத்தையும் வீரர்களின் துணிச்சலையும் எழுதுவோர் ஒரு கொல்லைப்புறக் கதவைப் பொருட்படுத்துவதில்லை.

1978 ஜனவரி 20 அன்று புரோகிரஸ்-1 ஏவப்பட்டது. ஜனவரி 22 அன்று அந்தப் பின்வாசலில் தானே வந்து பொருந்தியது. உள்ளே ரொமனென்கோவும் கிரெச்கோவும் இருந்தனர். சோயூஸ் கலத்தின் உடலமைப்பையே எடுத்துக்கொண்டு, மனிதர் திரும்புவதற்கான பகுதியை நீக்கி, அவ்விடத்தில் எரிபொருள் தொட்டிகளை வைத்த கலம் அது. வெப்பக் கவசம் இல்லை, இருக்கை இல்லை, திரும்பி வரும் எண்ணமும் இல்லை. எடை ஏறத்தாழ 7 டன். கொண்டு சேர்த்தது ஏறத்தாழ 2,300 கிலோ. அதில் 1,000 கிலோ அளவுக்கு எரிபொருள். எஞ்சியவை உணவு, கருவிகள், மாற்று உதிரிகள் முதலியன.

எரிபொருளை மாற்றியது எப்படி என்பது தனியே சொல்லத் தக்கது. எடையற்ற வெளியில் தொட்டியிலுள்ள திரவம் அடியில் தங்காது, குமிழ்களாகி மிதக்கும். எனவே நிலையத்தின் தொட்டிக்குள் மடிப்பு மடிப்பான ஓர் உலோகத் துருத்தியை அமைத்திருந்தார்கள். துருத்தியின் ஒரு பக்கம் எரிபொருள். மறுபக்கம் அதை அழுத்தித் தள்ளும் நைட்ரஜன் வாயு. நிரப்ப வேண்டுமானால் முதலில் அந்த நைட்ரஜனை அமுக்கி மூலம் உறிஞ்சி உருளைகளில் திரும்ப அடைக்க வேண்டும். தொட்டியின் அழுத்தம் குறைந்ததும், அழுத்தம் மிகுந்த சரக்குக் கலத்திலிருந்து எரிபொருள் தானே பாய்ந்து வரும். அமுக்கி மின்சாரத்தை மிகுதியாக இழுத்தமையால் வேலை தவணை தவணையாக நடந்தது. எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்ட கணத்திலேயே பற்றிக்கொள்ளும் வகை. ஆகவே குழாய்களை நிலையத்தின் உட்புறம் கொண்டுசெல்லாமல் இணைப்பு வளையத்தின் வழியாகவே தனித்தனியே பொருத்தியிருந்தார்கள்; கலம் பிரியுமுன் அவற்றை நைட்ரஜனால் ஊதித் துடைத்தார்கள். 1978 பிப்ரவரித் தொடக்கத்தில் இவ்வேலை முடிந்தது. சுற்றுப்பாதையில் ஒரு நிலையத்துக்கு எண்ணெய் ஊற்றியது அதுவே முதல்முறை. பிறகு அக்கலத்தில் குப்பையை நிறைத்து அனுப்பிவிட்டார்கள். வளிமண்டலத்தில் அது எரிந்து போயிற்று.

சங்க இலக்கியம் பயின்றவர்களுக்கு இங்கே உமணர் நினைவு வரலாம். நெய்தல் நிலத்து உப்பை மேட்டு நிலங்களுக்கு வண்டி வண்டியாகக் கொண்டுபோனவர்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்ற வண்டியின் அடியில் சேம அச்சுக் கட்டிக்கொண்டு போனவர்கள். அரசர்களுக்குப் பெயரும் குடிவழியும் உண்டு. உமணருள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. விண்வெளி வரலாற்றிலும் இதே வழக்கந்தான் நிலவுகிறது. ககாரின் பெயரைச் சிறு குழந்தையும் சொல்லும். புரோகிரஸ் கலங்களுக்கு எண்கள் மட்டுமே. முதல் வகையில் மட்டும் 43 கலங்கள் பறந்தன. ஏறத்தாழ எல்லாமே வேலையை முடித்துவிட்டு எரிந்தன. அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றும் திரும்பி வரவில்லை என்பதும் இந்த மறதிக்கு ஒரு காரணமாகலாம்.

நம் நாட்டுக் கதைக்கும் இந்த எண்களுக்கும் தொடர்புண்டு. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் மலிஷெவ், ஸ்த்ரெகாலவ் ஆகியோருடன் புறப்பட்டு, மறுநாள் சல்யூத்-7ஐ அடைந்தார். பிரதமர் இந்திரா காந்தியுடன் அவர் நடத்திய உரையாடலை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! ஆனால் அவருடைய கலம் வந்து பொருந்திய அந்தப் பின்வாசலில் சில நாட்கள் முன்புவரை நின்றது எது? பிப்ரவரி 21 அன்று ஏவப்பட்ட புரோகிரஸ்-19. இந்தியர் வருவதற்காக மார்ச் 31 அன்று அது வாசலைக் காலி செய்துவிட்டுப் போய் எரிந்தது. சர்மா திரும்பிய சில நாட்களில், ஏப்ரல் 15 அன்று, அடுத்த சரக்குக் கலமான புரோகிரஸ்-20 ஏவப்பட்டது. இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட வேளையில் நம்மவர் விருந்தினராகப் போய்வந்தார். அவ்வூர்க் குடித்தனக்காரர்களான கிஸிம், சலவ்யோவ், அத்கோவ் மூவரும் அவ்வாண்டு அக்டோபர்வரை அங்கேயே இருந்தனர். மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆய்வகம் சர்மாவுக்காக ரவை அல்வாவும் புலாவும் செய்து கொடுத்ததை நம் இதழ்கள் விரிவாக எழுதின. சரக்குக் கலத்தைப் பற்றி எழுதியவர் அரிது.

வண்டி வாசலில் மோதிய கதையும் ஒன்று உண்டு. சோவியத் கலங்கள் தாமாகவே நிலையத்தைத் தேடிப் பொருந்த முதலில் ‘இக்லா’ என்ற கருவியும் பின்னர் ‘கூர்ஸ்’ என்ற கருவியும் உதவின. இக்லா என்றால் ஊசி. கூர்ஸ் என்றால் செல்தடம். கூர்ஸ் கருவி உக்ரைனின் கீவ் நகரில் தயாரானது. 1991க்குப் பிறகு கீவ் அயல்நாடாயிற்று. கருவியின் விலையும் ஏறியது. செலவைக் குறைக்க, மிர் நிலையத்திலிருந்து வீரரே தொலைக்காட்சித் திரையைப் பார்த்துச் சரக்குக் கலத்தைக் கையால் ஓட்டி வரும் முறையைச் சோதித்தார்கள். 1997 ஜூன் 25 அன்று அச்சோதனையில் புரோகிரஸ் எம்-34 கலம் கட்டுப்பாட்டை மீறி வந்து ஸ்பெக்தர் என்ற பகுதியில் மோதியது. காற்று கசியத் தொடங்கிற்று. கதவு வழியே ஓடிய மின்வடங்களைக் கழற்றியும் அறுத்தும் எறிந்துவிட்டு, சிப்லியெவ், லசுத்கின், ஃபோல் மூவரும் அப்பகுதியை மூடினர். ஸ்பெக்தர் மீண்டும் வாழத் தகுதி பெறவேயில்லை. இந்நிகழ்வை ஓட்டியவரின் பிழையாக மட்டும் எழுதுவது வரலாறாகாது. ஒரு நாடு உடைந்ததும், ஒரு கருவியின் விலை ஏறியதும், கணிசமான வேகத்தோடு வரும் ஏழு டன் கலத்தை மனிதக் கண்ணை நம்பி ஓட்டச் சொன்னதும் அந்த மோதலில் கலந்திருக்கின்றன.

அடுத்து வந்தவற்றை விரைந்து கடக்கிறேன். ஐரோப்பாவின் ஜூல் வெர்ன் கலம் 2008 ஏப்ரலில் பன்னாட்டு நிலையத்தோடு தானே இணைந்தது. ஜப்பானின் எச்.டி.வி. கலம் 2009இல் நிலையத்தின் அருகே வந்து நின்றுகொள்ள, நிலையத்தின் எந்திரக் கை அதைப் பிடித்துப் பொருத்தியது. 2012இலிருந்து தனியார் கலங்களும் வந்தன. சீனாவின் தியென்சோ-1 2017இல் தியன்கொங்-2 நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியது. இவற்றுள் ஒன்றை மட்டும் நின்று பார்க்கத் தோன்றுகிறது. 2020 அக்டோபரில் பன்னாட்டு நிலையத்துக்குப் புறப்பட்ட சிக்னஸ் சரக்குக் கலம் ஒன்றுக்குக் கல்பனா சாவ்லாவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றரை டன் சரக்கு. அதில் ஒரு புதிய கழிப்பறையும் முள்ளங்கி விதைகளும் அடக்கம். 2021 ஜனவரியில் அதுவும் வளிமண்டலத்தில் எரிந்தது. கொலம்பியா ஓடத்தோடு வளிமண்டலத்தில் மாண்ட ஒருவரின் பெயரை, எரிந்துபோவதற்கென்றே செய்யப்பட்ட கலத்துக்கு வைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. மதிப்புத்தான், ஐயமில்லை. ஆனாலும் மனம் ஒரு கணம் நிற்கிறது.

இனிப் பெங்களூர். நகரின் வடமேற்கே பீனியா என்ற தொழிற்பேட்டை. லாரிகளும் பட்டறைகளும் நிறைந்த பகுதி. 1970களின் முற்பாதியில் அங்கிருந்த சாதாரணத் தொழிற்கூடக் கொட்டகைகளில்தான் யு. ஆர். ராவ் தலைமையிலான குழு ஆரியபட்டா செயற்கைக்கோளைச் செய்தது. 360 கிலோ எடையுள்ள அது 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஏவூர்தியில் சென்றது. ஸ்கைலாப் விழுந்த 1979ஐயும் இங்கிருந்து பார்க்கலாம். அவ்வாண்டு ஜூன் 7 அன்று பெங்களூரில் செய்த பாஸ்கரா-1 ஏவப்பட்டது; ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3இன் முதல் ஏவுதல் தோற்றது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கைலாப். ஒரு செயற்கைக்கோளைத் தானே மேலேற்ற இயலாத நாடாக அன்று நாம் இருந்தோம்.

அதே பீனியாவில்தான் இன்று இஸ்ரோவின் தடங்காணல், கட்டளை வலையமைப்பான இஸ்ட்ராக் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணியளவில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு செயற்கைக்கோள்களைக் கொண்டுசென்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ. ஒன்று துரத்துவது, மற்றது இலக்கு. பெங்களூரில் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தின் வழிகாட்டலில் உருவானவை. அவற்றின் இணைப்புப் பொறி 450 மில்லிமீட்டர் அளவுடையது. இரண்டே மின்னோடிகளால் இயங்குவது. பன்னாட்டுத் தர அளவு 800 மில்லிமீட்டர். இரு கலங்களிலும் பொறி ஒரே அமைப்புடையது என்பதால் எதுவும் துரத்தலாம், எதுவும் இலக்காகலாம். இறுதி நெருக்கத்தின் வேகம் நொடிக்கு 10 மில்லிமீட்டர் அளவில்.

இணைப்பு முதலில் 2025 ஜனவரி 7 என்று குறிக்கப்பட்டது. தரையில் நடத்திய ஒத்திகையில், நடுவழியில் பணியைக் கைவிட நேரும் ஒரு சூழ்நிலை புலப்பட்டது. அதைச் சரிபார்க்க வேண்டி 9ஆம் நாளுக்குத் தள்ளினார்கள். 8ஆம் நாள் இரு கலங்களும் 225 மீட்டர் தொலைவை நோக்கி நெருங்கியபோது விலகல் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. தரைநிலையங்களின் பார்வையிலிருந்து கலங்கள் மறைந்திருந்த இடைவேளைக்குப் பிறகு அது தெரியவந்தது. மீண்டும் ஒத்திவைப்பு. 12ஆம் நாள் சோதனையாக 15 மீட்டர்வரை, பிறகு 3 மீட்டர்வரை நெருக்கினார்கள். இணைக்கவில்லை. பாதுகாப்பான தொலைவுக்குத் திரும்ப விலக்கினார்கள். 16ஆம் நாள் காலை இணைப்பு நிறைவேறியது. கன்னியாகுமரி மாவட்டத்தவரான வி. நாராயணன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்றதும் அதே வாரம்.

மறுநாள் நாளிதழ்களெல்லாம் ‘நான்காவது நாடு’ என்று எழுதின. உண்மைதான்: சோவியத் ஒன்றியமும் அதன் வழிவந்த ரஷ்யாவும், அமெரிக்கா, சீனா, பிறகு இந்தியா. ஆனால் வரலாற்று மாணவராக எனக்கு 16ஆம் நாளைவிட 12ஆம் நாள் முக்கியமாகப் படுகிறது. மூன்று மீட்டர் என்பது ஓர் அறையின் அகலம். அவ்வளவு கிட்டே வந்தபின் விலகிச் செல்லத் தெரிந்த கலத்தைத்தான் மனிதர் வாழும் நிலையத்தின் அருகே விடலாம். 1997இல் புரோகிரஸ் எம்-34க்கு இயலாதது அதுவே. முட்டிக்கொள்ளாமல் திரும்புவதே சரக்கு வண்டியின் முதல் தகுதி; பொருந்துவது அடுத்தது.

இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. அதைப் பேசியவர் குறைவு. மார்ச் 13 அன்று இரு கலங்களும் பிரிந்தன. ஏப்ரல் 20 அன்று மீண்டும் இணைந்தன. ஜனவரியில் 3 மீட்டரில் தரையிலிருந்து கட்டளையிட்டு ஒருமுறை நிறுத்திப் பார்த்து, பிறகுதான் மேலே செல்ல விட்டார்கள். ஏப்ரலில் அந்த நிறுத்தம் இல்லை. 15 மீட்டரிலிருந்து இறுதிவரை கலங்களே முடிவெடுத்தன. பீனியாவிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அடுத்த நாள் ஒரு கலத்தின் மின்சாரத்தால் மற்றதன் வெப்பமூட்டி ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் எரிந்தது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் கலம் ஒரு தரைநிலையத்தின் கண்ணில் படுவது ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அது தனியே. சரக்குக் கலத்துக்குத் தானே முடிவெடுக்கும் அறிவு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மூன்று மாதத்தில் ஒரு மனித அனுமதியை நீக்கியதுதான் ஸ்பேடெக்ஸின் உண்மையான செய்தி என்பது என் கருத்து.

அதே ஏவூர்தியின் கடைசிப் பகுதியில் பொருத்தியிருந்த ஒரு சிறு பெட்டியில் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் நான்கு நாட்களில் முளைவிட்டன. பயறு முளைத்த செய்தி இணைப்புச் செய்தியில் அமுங்கிப் போயிற்று. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்: இரண்டும் சோற்றுக்கான ஏற்பாடுகள்.

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ககன்யான் திட்டத்தை விரித்து, பாரதிய அந்தரிட்ச நிலையத்தின் முதல் பகுதிக்கு ஒப்புதல் அளித்தது. முதல் பகுதி 2028இல், முழு நிலையம் 2035இல் என்பது இலக்கு. மொத்தம் ஐந்து பகுதிகள். மாதிரி வடிவங்கள் கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன. மாணவர்கள் முன்நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பேச்செல்லாம் அந்த ஐந்து பகுதிகளைப் பற்றியே. வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். மூவர் ஓராண்டு தங்கினால் ஆக்சிஜன் மட்டும் 920 கிலோ. நீரை மறுசுழற்சி செய்யலாம், உணவைச் செய்யமுடியாது. அதற்குமேல் நிலையத்தை உயர்த்திப் பிடிக்க எரிபொருள். இவற்றைச் சுமக்கும் கலம் ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த ஏவூர்தியில், எந்த வாசலுக்கு வரும்? ஸ்பேடெக்ஸ் மின்சாரத்தை மாற்றிக் காட்டியது. திரவ எரிபொருளை மாற்றுவது வேறு கலை. மேலே சொன்ன துருத்தியையும் அமுக்கியையும் நினைவுகூர்க. பெங்களூரின் அடுத்த பத்தாண்டு வரலாறு இந்தப் பணியில்தான் எழுதப்படும் என்று நினைக்கிறேன். நிலையத்தின் படத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்கு இதற்கும் கிடைக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பதில் தவறில்லை.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது எங்கள் துறை சார்ந்தது. புரோகிரஸ் கலங்களின் விரிவான பதிவுகள் பல்லாண்டுகள் இரும்புத்திரைக்குப் பின்னே கிடந்தன. 2025 ஜனவரியில் நடந்தவற்றை நமக்குத் தெரிவித்தவை இஸ்ரோவின் சமூக ஊடகக் குறுஞ்செய்திகள்: 1.5 கிலோமீட்டரில் நிற்கிறோம், 230 மீட்டரில் நிற்கிறோம், 15, 3. ஒவ்வொன்றும் இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளின் பின்னே ஓர் அறையில் எத்தனை விவாதங்கள் நடந்திருக்கும்! விலகலைக் கண்டவர் யார், நிறுத்தச் சொன்னவர் யார், வேண்டாம் என்றவர் யார், ஏப்ரலில் அந்த நிறுத்தத்தை நீக்கலாம் என்ற துணிவு எதனால் வந்தது? அவர்களெல்லாம் இன்று பணியில் இருக்கிறார்கள். நினைவும் பசுமையாக இருக்கிறது. ஆரியபட்டாக் கொட்டகைகளில் வேலை செய்தவர்களுக்கோ வயது எண்பதை நெருங்குகிறது அல்லது கடந்துவிட்டது.

நான் இப்போது இரண்டு வகை வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்து வருகிறேன். ஒன்று, 1979 ஜூலையில் ஸ்கைலாப் பேச்சு உங்கள் ஊருக்கு எப்படி வந்தது, வானொலி வழியா, பேருந்து வழியா, சந்தை வழியா. வீட்டில் என்ன செய்தார்கள் என்பது. மற்றொன்று, எழுபதுகளில் பீனியாவில் பொருத்துநராக, ஓட்டுநராக, உணவக ஊழியராக, எந்த நிலையிலாயினும் அக்கொட்டகைகளோடு தொடர்புடையவர்களின் நினைவுகள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாமென்றால் வெளியிடமாட்டேன். கோழிக் குழம்பு வைத்தவர்கள் எங்கள் ஊரில் மட்டுந்தானா என்பதும் தெரிந்தாக வேண்டும்.